புளிக் காலத்துப் பரீட்சை

மலையிறங்கும் ஜீப்பில் புளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். அந்த வாசனையில் அக்கா வள்ளியின் ஞாபகம் வந்தது.

எங்கள் மலையில் புளி உலுக்குவதும் பத்தாவது பரீட்சையும் ஒரே சமயத்தில் வரும். கொட்டை எடுத்த கையோடு அக்கா செம்பைத் துலக்குவாள்.

"புளி பட்டா இது ஏம்மா பளபளன்னு ஆவுது?"

"தேச்சா ஆவும். இன்னாடி கேள்வி?"

"சயின்ஸ் படிச்சா தெரியுமாம். பரீட்சைக்குப் போவட்டா?"

"புளி முடியட்டும். அடுத்த வருசம் எழுது" என்றார் அப்பா.

அடுத்த வருடமும் மரம் காய்த்தது. அதற்கடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம். நானும் எட்டாவதோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன்.

பக்கத்தில் சீருடையில் ஒரு பெண் புத்தகத்தை விரித்திருந்தாள்.

"இன்னா பரீட்சைம்மா?"

"சயின்ஸுங்க."

"வூட்ல புளி?"

"கெடக்குதுங்க. நீ போய் எழுதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

ஆள் ஏற்ற வண்டி நின்றது. எனக்கு எங்கேயும் போய்ச் சேரும் அவசரமில்லை. ஆனாலும் டிரைவரிடம், "நிக்காத, போப்பா. நேரமாவுது" என்றேன்.