எத்தனையாம் பிள்ளை?

நான் படித்த கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் தவணை முடிவில் எல்லோரையும் புள்ளி வரிசைப்படி நிறுத்தி வைத்துத்தான் ரிப்போர்ட் தருவார்கள். முப்பத்தெட்டுப் பேரில் நான் ஏழாம் பிள்ளை. வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்காரர்கூட "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்பார். அந்த எண் இல்லாமல் ஒரு பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் மகளை வெள்ளவத்தையில் ஒரு புதுமுறைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது மனைவியின் முடிவு. அங்கே அடியில்லை, பாடமாக்கல் இல்லை, ரிப்போர்ட்டில் எண்ணும் இல்லை. "ஆர்வமாகப் பங்குபற்றுகிறார்" என்று எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒரு வருடம்தான் இருந்தது. வகுப்பு ஆசிரியையைப் போய்க் கேட்டேன்.

"நாங்கள் பிள்ளையளை வரிசைப்படுத்திறேல்ல, ஐயா."

"அப்ப என்ர மகள் பின்னுக்கு நிக்கிறா எண்டால் எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவ தன்ர பாட்டில மெல்ல வருவா."

பரீட்சை மெல்ல வராதே. வீட்டுக்கு வந்து, எத்தனையாம் பிள்ளை என்று மகளையே கேட்டேன்.

"எதில, அப்பா? கயிறு பாயிறதில ரெண்டாம் பிள்ளை. கதை சொல்லுறதில முதலாம் பிள்ளை. பிரித்தல் கணக்கில கடைசி."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. எங்களுக்குத் தெரியும்தானே."

வெட்கமே இல்லாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"நீங்கள் ஏழாம் பிள்ளையா வந்து என்னத்தைக் கண்டனீங்கள்?" என்றாள் மனைவி. "பின்னேரமெண்டால் பல்கணியில நிண்டு காலி வீதியில போற பஸ்ஸை எண்ணிறியள்."

கடைசியில், பள்ளிக்கூடத்தை மாற்றுவதில்லை, சனிக்கிழமைகளில் டியூஷன் என்று முடிவானது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு வீட்டுக் கராஜில் பிள்ளைகள் இருக்க வாங்குகள் போட்டு ஒரு மாஸ்டர் படிப்பித்தார். வாய்ப்பாடு சந்தி வரை கேட்கும். கிழமைக்கொரு சோதனை, வரிசை எண் கரும்பலகையில். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் சனிக்கிழமை மாஸ்டர் என்னை வாசலில் மறித்தார்.

"உங்கட பிள்ளை விளங்கேல்ல, விளங்கேல்ல எண்டு கையை உயர்த்திக்கொண்டே இருக்குது. இப்ப மற்றதுகளும் தொடங்கீட்டுதுகள். இப்பிடியெண்டால் நான் எப்ப பாடத்தை முடிக்கிறது?"

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. என் காலத்தில் நாங்கள் ஒருவரும் கை உயர்த்தியதில்லை. வழியில் மகளைக் கேட்டேன்.

"மாஸ்டர் பிறகு விளங்கப்படுத்தினவரோ?"

"ஓம். நாலாந்தரம் கேட்டாப்பிறகு."

வீட்டில் ஒரு பெரிய பிரித்தல் கணக்குக் கொடுத்தேன். சரியாகச் செய்தாள். அடுத்த இலக்கத்தை ஏன் கீழே இறக்கி மீதியோடு சேர்க்கிறோம் என்பதையும் கேட்காமலே சொன்னாள். நான் நாற்பது வருடமாக அதை இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று யாரையும் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் அவளை உள்ளே விட்டேன். அவள் கை உயர்த்திக் கேட்க இன்னும் தசமக் கணக்கு இருந்தது.