கொட்டச்சேடு: நிக்கலும் நிக்கலையும்

மார்கழியில் ஏற்காடு போகிறவர்கள் ஏரியைப் பார்க்கப் போவார்கள். நான் சாக்கில் சுற்றிய ஒரு ஷாஃப்டை, மிஷினைச் சுழற்றும் எஃகுத் தண்டை, மடியில் வைத்துக்கொண்டு போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. என் கணவர் இந்தோனேசியாவில் ஒரு நிக்கல் ஆலையில் இருக்கிறார். ஒப்பந்தம் முடிகிறது. ஊர் திரும்புவதா, இன்னும் இரண்டு வருஷம் இருப்பதா என்று அன்றைக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் சேலத்தில் ஒரு ஃபவுண்டரியில் கலவை பார்க்கிறேன். உருகிய எஃகில் குரோமியம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு என்பது என் பொறுப்பு. குரோமியத்தோடு நூறு கிலோவுக்கு எட்டுக் கிலோ நிக்கலும் சேர்ந்தால் நம் அடுப்படி எவர்சில்வர். காந்தம் ஒட்டாது, புளிக்கும் அசராது. பால் டாங்க், கெமிக்கல் பம்பு என்று எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்கிறார்கள். அவர் அங்கே மண்ணிலிருந்து எடுக்கிறார், நான் இங்கே உலையில் போடுகிறேன். எங்கள் குடித்தனம் இப்படி நடக்கிறது.

காலை ஏழு மணி பஸ். ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். ஏற்காட்டிலிருந்து குப்பனூர் ரோட்டில் வேறு பஸ் பிடித்துக் கொட்டச்சேட்டில் இறங்கினேன்.

எஸ்டேட்டில் ஆள்கணக்கு பார்க்கும் ரைட்டர் பைக்கோடு காத்திருந்தார். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மிஷினுக்குத்தான் ஷாஃப்ட். பழைய ஷாஃப்ட் துருவேறி முறிந்துவிட்டதாக முந்தின வாரம் போனில் சொன்னவர், அது நிக்கல் என்றும் சொல்லியிருந்தார். நிக்கல் போட்டது அப்படித் துருப்பிடிக்காதே என்று எனக்கு உள்ளூரக் கோபம். கையோடு கொண்டுபோன காந்தத்தை முறிந்த பழைய ஷாஃப்டில் வைத்தேன். பச்சென்று ஒட்டிக்கொண்டது.

“நிக்கல்னு நான் எங்கீங்க சொன்னேன்? ரெண்டு மாசங்கூட நிக்கலைன்னுதானுங்க சொன்னேன்” என்றார் ரைட்டர்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சாதா இரும்பு, காப்பித் தோலின் புளிப்பில் எப்படி நிற்கும்? புது ஷாஃப்டைப் பொருத்தி, மிஷின் ஓடிச் சிவப்புத் தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் விழுந்தபோது மனசு நிறைந்தது.

காப்பி காயும் களத்தில் நிற்கையில் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. கணவர் அனுப்பிய குரல் பதிவு. “சொல்லிட்டேன் கண்ணு... நிக்கலை...” அதோடு அறுந்துவிட்டது.

இனி அங்கே நிற்கவில்லை என்கிறார்! எனக்கு வேண்டியது அதுதான், அதனால் காதில் அப்படியே விழுந்தது. சற்று முன் ஏமாந்ததெல்லாம் மறந்தே போனது. மாடியறையைப் பெருக்க வேண்டும், மெத்தையை வெயிலில் போட வேண்டும் என்று மனசு எங்கேயோ ஓடியது.

சிக்னல் கிடைக்கும் சர்ச் மேட்டுக்கு ரைட்டர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். கணவரை அழைத்தேன். நிக்கலை உருக்கப் புது உலை வருகிறதாம், இவர் இருந்தே ஆகவேண்டுமாம், இன்னும் இரண்டு வருஷத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டாராம்.

ஒவ்வொரு முறையும் “உங்க இஷ்டமுங்க” என்பேன். அன்று அது வாயில் வரவில்லை.

“ஏனுங்க, எனக்கு உங்களப் பாக்கோணும்.”

“எனக்கும்தான் கண்ணு” என்றபோது அவர் குரல் உடைந்திருந்தது. அவ்வளவுதான், லைன் போய்விட்டது.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பக் குப்பனூர் வழியாக இறங்கலாம், கூட்டம் குறைவு. ஆனால் பஸ்ஸும் குறைவு, நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலை பஸ்ஸில் சீட்டெல்லாம் இரண்டு பேர் உட்காரும் சீட்டு. கூட வர ஆள் இருந்தால் இந்த மார்கழியிலேயே போய் வந்துவிடுங்கள். நான் பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டு இறங்கினேன். யாராவது கேட்டால் எடுத்துவிடலாம் என்றிருந்தேன், சேலம் வரை யாரும் கேட்கவில்லை.