உருக்கிவிட்ட தகடு

வேலையில் யாராவது குறை கண்டுபிடித்துவிட்டால் என் அக்காவின் கணவருக்குச் சாப்பாடு இறங்காது. அக்காவின் சமையலில் மட்டும் அவர் நாள் தவறாமல் குறை சொல்வார், அது வேறு விஷயம். பல்கலைக்கழக நிலவியல் ஆய்வுக்கூடத்தில் மெழுகு ஊற்றுவது அவர் வேலை. அதே துறை அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்தேன். ஊருக்கெல்லாம் அவர் மெழுகுக்காரர், எனக்கு அத்தான்.

அங்கிருந்த பேராசிரியை அம்மாவுக்கு ஒரே கேள்விதான். கடலடியில் ஒரு பாறைத்தட்டு இன்னொன்றுக்கு அடியில் புகுந்து பூமிக்குள் இறங்குகிறது. இறங்கத் தொடங்கிவிட்டால் அதன் கனமே அதை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் முதன்முதலில் எப்படித் தொடங்குகிறது? இதற்காகக் கண்ணாடித் தொட்டி நிறையக் கெட்டியான சர்க்கரைப்பாகு, அதன்மேல் கல்தூள் கலந்த மெழுகுத்தகடு, பின்னாலிருந்து நத்தை வேகத்தில் தள்ள ஒரு மோட்டார். மூன்று வருடத்தில் ஒரு தகடாவது இறங்கவில்லை என்றால் ஆய்வும் போகும், அந்த அம்மாவின் வேலையும் போகும். இது வாசல் காவலாளிக்கே தெரியும்.

அத்தான் ஊற்றும் தகட்டில் ஒரு குமிழி, ஒரு கீறல் பார்க்க முடியாது. மோட்டார் தள்ளத் தள்ள அது முதுகை வளைத்துச் சுருங்கும், அவ்வளவுதான். "எவ்வளவு உறுதியா ஊத்தியிருக்கீங்க!" என்று அந்த அம்மா சிரிப்பார். அன்றைக்கு அத்தானைக் கையில் பிடிக்க முடியாது.

மூன்றாம் வருடம் ஒரு நாள் தகடு ஆறும்போது பக்கத்து ஜன்னல் திறந்து கிடந்திருக்கிறது. மேல்பக்கம் சட்டென்று ஆறி, தலைமுடி அளவுக்கு விரிசல் விட்டதை அத்தான் கவனிக்கவில்லை. தொட்டியில் போட்டு மோட்டாரை ஓடவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் விரிசல் பிளந்து, ஒரு பாதி மற்ற பாதிக்கு அடியில் புகுந்திருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது தன் கைவேலையின் லட்சணம் மட்டும்தான். மானம் போயிற்றே என்று மளமளவென்று உடைத்துப் பாத்திரத்தில் போட்டு உருக்கிவிட்டார்.

கூட்டத்திலிருந்து திரும்பிய அந்த அம்மா, "அந்தத் தகடு என்னாச்சு?" என்று கேட்டார்.

"ஊத்தினது சரியில்ல மேடம். வேற ஊத்துறேன்."

"சரி, உங்களுக்குத் தெரியாததா?"

முடிவறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான்தான். நாற்பத்தொரு தகடுகள், ஒன்றும் இறங்கவில்லை. அந்த அம்மா புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வெளியூர்ப் பள்ளி ஒன்றுக்குப் பாடம் எடுக்கப் போனார். போகும்போது அத்தானிடம், "உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. என் யோசனைதான் தப்பு" என்றார்.

பதினோரு வருடம் கழித்து நூலகத்துக்கு வந்த ஓர் ஆய்விதழில் மெழுகுத்தகட்டின் படம் இருந்தது. அத்தானுக்குப் பிடிக்குமே என்று கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். கடலடிப் பாறை ஆறும்போதும் வளையும்போதும் உடைந்து பிளவுகள் விடுகிறது. அவற்றில் தண்ணீர் இறங்கிப் பாறை வலுவிழக்கிறது. பிறகு பக்கவாட்டிலிருந்து நெருக்குதல் வரும்போது அந்தப் பழைய பிளவு வழியாகவே தட்டு இறங்கத் தொடங்கலாம். அதனால் தகட்டை அவர்கள் வேண்டுமென்றே கத்தியால் கீறியிருந்தார்கள்.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இதை நான் பார்த்திருக்கேம்மா" என்று எல்லாவற்றையும் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? உங்க பேரு கெட்டா என்ன குடியா முழுகிடும்?" "அந்த அம்மாவுக்கு எழுதணும்மா" என்றார். அவர் சொல்லச் சொல்ல, அந்த அம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் தட்டச்சு செய்தேன்.

ஒரே வாரத்தில் பதில் வந்தது. திட்டு இல்லை, வருத்தம்கூட இல்லை. 'விரிசல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? இறங்கியது மோட்டார் பக்கத்துப் பாதியா, எதிர்ப் பாதியா? தயவுசெய்து எழுதுங்கள்.' பள்ளிக்கூடத் தாளில், அதே குண்டு எழுத்து. அந்த அம்மா இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

அன்று முழுக்க அத்தான் இரண்டு அட்டைத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒன்றை மற்றதன் அடியில் தள்ளிப் பார்த்தார். பிறகு மாற்றித் தள்ளினார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"தெரியலைன்னு எழுதும்மா. வெட்கத்துல நான் அதைச் சரியாப் பார்க்கவே இல்ல."