பெத்தாங் திடலில் அக்கா காத்திருந்த மாலைகள்

'ஓய்வு பெற்று இவ்வூரில் வசிக்கும் எவரும் உறுப்பினராகலாம்.' உப்பளம் பகுதியில் எங்கள் தெருக்கோடித் திடலில் பெத்தாங் ஆடும் சங்கத்தின் நான்காவது விதி இது. எவரும் என்றால் ஆணும் பெண்ணும்தான். அரசு அலுவலகத்தில் விதிகளுக்குப் பொருள் சொல்லியே தலை நரைத்த எனக்கு இதில் ஐயமில்லை. இந்த விதி அதன் பாட்டுக்கு நடந்திருந்தால், அக்காவின் முதலாண்டு நினைவுக்கு நான் எழுதுவது வேறு மாதிரி இருந்திருக்கும்.

அக்கா குருசுக்குப்பத்தில் பிறந்தார். மில் தொழிலாளியான அப்பா, நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது காலமானார். அக்கா நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து என் படிப்பு, அம்மாவின் வைத்தியம், என் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக முடித்தார். அவருடைய கல்யாணம் அந்த வரிசையில் வரவேயில்லை. யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. சுனாமி வந்த வாரம் வீட்டுக்கே வராமல் வார்டில் நின்றார். மறு ஆண்டு ஓய்வு பெற்று எங்களோடு வந்து இருந்தார்.

வந்ததும் அலாரம் கடிகாரத்தை என் மனைவியிடம் கொடுத்துவிட்டார். நினைத்தபோது பிள்ளைச்சாவடிக்கு பஸ் ஏறிப் போய் மீன் வாங்கி வந்தார். மதியக் காட்சிக்குத் தனியாகப் போய், படம் பிடிக்கவில்லையென்றால் பாதியில் எழுந்து வந்தார்.

"எதுக்குக்கா இந்த அலைச்சல்?" என்றேன்.

"யாரையும் கேக்காம போவ முடியுதான்னு பாக்குறேன்டா. முடியுது."

ஒரு மாலை பெத்தாங் திடலில் நின்றுவிட்டார். சின்ன மரக்குண்டு ஒன்றை எறிந்து, அதை ஒட்டி விழும்படி இரும்புக் குண்டுகளை வீசும் ஆட்டம். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள். அவர்களில் ஒருவர் அக்காவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்.

"சிஸ்டர், எனக்கு எத்தினி ஊசி குத்தியிருக்கீங்க. வந்து ஒரு குண்டு வீசுங்க. யாரு கேக்கப் போறா?"

அக்கா மறுநாளே கான்வாஸ் ஷூ வாங்கினார். அதற்குள் நான் செயலாளரைப் பார்த்துவிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "லேடீஸ் யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல சார். எழுதிக் குடுங்க, கமிட்டியில வெச்சிச் சொல்றோம்."

எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளின் சிறந்த மனு அது. கொடுத்த கையோடு அக்காவிடம் சொன்னேன்: மனு நிலுவையில் இருக்கும்போது திடலில் இறங்கக் கூடாது, சலுகையாக ஆடிவிட்டால் உரிமையாகக் கேட்க முடியாது.

"எனக்கு உரிமை வேணாம்டா. ஒரு குண்டு வீசினா போதும்."

"கொஞ்சம் பொறுக்கா. முறையா வரட்டும்."

"உன்னப் படிக்க வெச்சது நாந்தான? அனுபவிக்கிறேன்" என்று சிரித்தார். என் பேச்சைக் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாதது.

கமிட்டி கூடவில்லை. கூடியபோது போதிய உறுப்பினர் வரவில்லை. பிறகு செயலாளர் பாரீசில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். நான் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன், அதற்கும் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அக்கா ஷூவைப் போட்டுக்கொண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். எந்தக் குண்டு கிட்டே என்று தகராறு வந்தால், "சிஸ்டரக் கேளு" என்பார்கள். அவர் சொன்னால் பேச்சில்லை. பெஞ்சிலிருந்து சொல்வதற்கு மனு தேவைப்படவில்லை. இரண்டு மழைக்காலம் இப்படிப் போயிற்று.

அதன் பிறகு பக்கவாதம் வந்து அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒருநாள் அந்தச் சொல்தா ஒரு துணிப்பையோடு வந்தார். என்னைப் பார்க்காமலே பையிலிருந்து ஒரு குண்டை எடுத்து, அக்காவின் நல்ல கையில் வைத்து, விழாமல் தானும் பிடித்துக்கொண்டார். வார்டுக்குள் இரும்புக் குண்டு கொண்டுவரலாமா என்பதற்கு எந்த விதியும் அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

அக்கா அதை விரலால் தடவினார். "கனமாத்தான்டா இருக்கு" என்றார், என்னைப் பார்த்து. நான்கு நாள் கழித்துப் போய்விட்டார்.

அக்காவைத் தங்கள் சொந்தம்போல் பார்த்துக்கொண்ட வார்டு நர்சுகளுக்கும், இரவுகளில் உடனிருந்த என் மனைவிக்கும், அன்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து பாடை தூக்கிய திடல் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த அந்தச் சொல்தாவுக்கு நன்றி மட்டும் போதாது. நான் கேட்கும் மன்னிப்பையும் அவர் தர வேண்டும்.

சங்கத்தின் பதில் அக்காவின் பெயருக்கே வந்தது. கையெழுத்துப் போட்டு நான் வாங்கினேன். உறுப்பினராகச் சேர்ப்பதில் ஆட்சேபம் இல்லை என்றும், வரும் ஞாயிறு மாலை முதல் ஆட வரலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அது வந்த நாள், அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.