இருவர் நின்றால் திறக்கும் சுவர்

1. மூத்த சகோதரியான ராத்தாவைக் கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த மச்சான், மருதமுனையில் தன் உம்மா வீட்டிலிருந்த கணினியையும் கொண்டுவந்தார்.
2. அதில் ஒரு சுடும் விளையாட்டு இருந்தது.
3. வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கணினியை வந்த இடத்துக்கே அனுப்பிவிட வேண்டும் என்று உம்மா சொன்னார்.
4. வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, அந்த விளையாட்டுக்குள் நான் ஒரு சுவரைத் திறந்தேன்.
5. ராத்தா அழுதார்.

நடந்தவை இவ்வளவுதான், இந்த ஒழுங்கில்தான். காரணங்கள் மட்டும் எனக்குப் பல வருடம் பிந்தி, வேறு ஒழுங்கில் வந்து சேர்ந்தன.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். கல்முனையில் நாங்கள் இருந்த அந்த வீடும் ராத்தாவுக்கு எழுதிக் கொடுத்த வீடுதான். இளைய மகளான எனக்கென்று ஒரு வீடு கட்டி முடியும்வரை உம்மாவும் வாப்பாவும் அண்ணனான நானாவும் நானும் அதிலேயே இருந்தோம். புது மாப்பிள்ளையும் பெண்ணின் தாயான மாமியும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. உம்மா திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று, தேத்தண்ணி வேணுமா என்று மச்சானிடம் கேட்கச் சொல்லுவார். மச்சான் இந்தப் பக்கம் இருந்து, ஓம் என்று சொல்லச் சொல்லுவார். இருவருக்கும் இருவர் குரலும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் இடையில் நின்று ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் அது.

மச்சான் பஜாரில் ஒரு கடைக்குப் பழுதான கணினிகளைத் திருத்திக் கொடுப்பார். திருத்த வந்த ஏதாவது ஒரு பெட்டி எங்கள் முன்னறை மேசையில் எப்போதும் கிடக்கும். அதையும் தன்னுடையதையும் ஒரு வயரால் இணைத்துவிடுவார். நானும் நானாவும் விளையாட்டின் ஒரே கோட்டைக்குள் இறங்கி ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வோம். ராத்தா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பார். வந்து இருங்கள் என்று கூப்பிட்டால் குசினிக்குள், அடுப்படிப் பக்கம் போய்விடுவார். எல்லாருக்கும் முன்னால் புருஷனுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருப்பது அவருக்கு வெட்கம்.

எனக்குச் சுடுவதைவிடப் பிடித்தது மச்சான் சொல்லும் உள்விஷயங்கள். விளையாட்டோடு வந்த குறிப்புகளையும், கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய சஞ்சிகைகளையும் வாசித்துத் தெரிந்துவைத்திருந்தார். கோட்டையில் எதிர்ப்படும் பூதத்தின் உறுமல், விளையாட்டைச் செய்தவர்களில் ஒருவருடைய வீட்டு வாசல் படலை கிறீச்சிடும் சத்தம். பதிவுசெய்து மெதுவாக ஓடவிட்டிருக்கிறார்கள். பச்சைச் சிப்பாயின் முகம் அவர்களுடைய கந்தோரில் வேலைசெய்த கணக்காளரின் முகம். களஞ்சிய அறையில் ஒரு பெட்டியின் அடியில் அவர்கள் வளர்த்த பூனையின் பாத அடையாளம் இருக்கிறது. நேரே நடந்து போகிறவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

"ஏன் ஒளிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொம்பனி, செஞ்ச ஆக்கள்ட பேரப் போட விடல்லியாம். அதான் செவருக்குப் பின்னால வெச்சிட்டாங்க," என்றார் மச்சான். "தேடுற ஆளுக்குக் கிடைக்கட்டும் எண்டு."

எவ்வளவு பெரிய மனிதர்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து நான் சுடுவதை விட்டேன். கோட்டைக்குள் சுவர் சுவராகப் போய் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்ப்பதுதான் வேலை. நானா பின்னால் வந்து என்னைச் சுட்டுத் தள்ளிவிட்டு, "செவருக்கு முட்டுக் குடுக்கவா வந்த?" என்பார்.

உம்மாவின் ஆட்சேபணைக்கு வேறு நியாயம் இருந்தது. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எங்கள் ஊரில் வெடிச்சத்தம் விளையாட்டுக்குரிய ஒன்றல்ல. ஒருநாள் நானா ஸ்பீக்கரைக் கூட்டிவைத்துச் சுட, பக்கத்து வீட்டுச் சாச்சி தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் படுத்துவிட்டார். மச்சான் அன்றே ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார். உம்மாவுக்கு அது போதவில்லை.

"சத்தமில்லாட்டி துவக்கு துவக்கில்லயா? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பொட்டிய அவங்கட ஊட்டுக்கு அனுப்பச் சொல்லு."

நான் திருப்பிச் சொல்வதற்குள் மச்சான், "ஓம் எண்டு சொல்லு," என்றார். கோபம் ஒன்றுமில்லை. எழும்பிப் போய் வயர்களைச் சுற்றி வைக்கத் தொடங்கினார். ராத்தா கதவு நிலையை விட்டு அசையவில்லை. நான் அழுத்திப் பார்க்க இன்னும் எத்தனையோ சுவர்கள் பாக்கி இருந்தன.

வியாழக்கிழமை வரை உம்மாவின் பின்னால் திரிந்தேன். இது வெறும் துவக்குச் சுடும் விளையாட்டு இல்லை, உள்ளே வேறு சாமான்கள் இருக்கின்றன, ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். அஸர் தொழுதுவிட்டு உம்மா வந்து கதிரையில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். மாமி முன்னறைக்கு வந்தபடியால் மச்சான் வெளிவாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நானா வயரைத் திரும்ப இணைத்துவிட்டு மற்றப் பெட்டியில் உட்கார்ந்தார். ராத்தா வழக்கம்போலக் கதவு நிலையில் நின்றார்.

பூனையின் பாதத்தைக் காட்டினேன். பச்சைச் சிப்பாயைக் காட்டி, கணக்காளரின் கதையைச் சொன்னேன்.

"அந்த மனிசன்ட பொஞ்சாதி இதப் பாத்தா என்ன நினைப்பா," என்றார் உம்மா. ஆனால் பக்கவாட்டாக இருந்தவர் கொஞ்சம் நேராகத் திரும்பினார்.

துணிவு வந்தது. பட்டியலின் கடைசியில் அதுவரை நான் விளையாடாத ஒரு கோட்டை இருந்தது, இருவருக்கானது. அதைத் திறந்தேன். இரு பக்கமும் சுவருள்ள ஒரு நீளமான ஓடைப் பாதைதான், பூதமும் இல்லை, ஆயுதமும் இல்லை. வழக்கம்போலச் சுவர்களை அழுத்திக்கொண்டு போனேன். ஒன்றும் திறக்கவில்லை. சுட ஆள் கிடைக்காத நானா, மற்ற முனையில் தரையிலிருந்த ஒரு கல்லின்மேல் சலிப்போடு ஏறி நின்றார். அந்த நேரம் எனக்கு முன்னாலிருந்த சுவர் மேலே எழும்பியது. அவர் இறங்கினால் மூடியது, ஏறினால் திறந்தது.

உள்ளே ஒரு சின்ன அறை. சிவப்புத் தரை. நீல ஜன்னல். எதிர்ச் சுவர் முழுக்கப் பூவேலை. எனக்கு நன்றாகத் தெரிந்த பூவேலை. கல்யாணத்துக்கு முந்தி ராத்தா தலையணை உறையில் தைத்த அதே கொடி, அதே மூன்று பூக்கள்.

"உம்மா, இஞ்ச பாருங்க, ராத்தாட தலகாணிப் பூ! இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன். உற்றுப் பார்த்துவிட்டு, பிழை பிடிக்கும் சந்தோஷத்தோடு சேர்த்துச் சொன்னேன்: "ஆனா ஒரு எல தலகீழாக் கிடக்கு. பிழையாக் கீறிட்டாங்க."

உறையிலும் அந்த இலை தலைகீழாகத்தான் இருந்தது. ராத்தா தைக்கும்போது விட்ட பிழை அது. பிரிக்க நேரமில்லாமல், அந்தப் பக்கம் கீழே வரும்படி தலையணையைத் திருப்பியே போட்டுவைப்பாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுததைத்தான் கண்டேன். என் கண்டுபிடிப்பு அவரைப் பயப்படுத்திவிட்டது என்று நினைத்தேன்.

உம்மா அந்த இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். நான் சொல்லை வாங்கிக்கொண்டு போகத் தயாரானேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மகன்," என்றார், "வாசல்ல நிக்காம உள்ளுக்கு வாங்க."

மச்சான் வந்தார். உம்மா எழும்பிக் குசினிக்குப் போனார், என்னையும் நானாவையும் கூட்டிக்கொண்டு. நானா விட்டுப்போன கதிரையில் ராத்தா உட்கார்ந்தார்.

என் உத்தியோகம் பறிபோன கவலையோடு, விளையாட்டைச் செய்த அமெரிக்காக்காரர் ராத்தாவின் தலையணையை எங்கே கண்டிருப்பார்கள் என்று அன்று முழுக்க யோசித்தேன். விளையாட்டுக்குள் கோட்டைகளை யாரும் புதிதாகக் கட்டலாம் என்பதே எனக்குத் தெரியாது. இன்று மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். அந்தக் காலத்துப் பெட்டியில், கரண்ட் நின்று நின்று வரும் வீட்டில், புள்ளி புள்ளியாக அப்படியொரு சுவரைத் தீட்டுவது எவ்வளவு வேலை என்று கணக்கிட எனக்குத் தெரியும். தனக்கென்று ஓர் ஆணிகூட அடிக்காத வீட்டில் மச்சான் அதைச் செய்தார். அந்தக் கல்லின்மேல் நிற்க வேண்டியவர் நானா இல்லை, நானும் இல்லை என்பதைத்தான் அன்று நான் விளங்கிக்கொள்ளவில்லை.

கணினி வெள்ளிக்கிழமை போகவில்லை. பின்னாளில் அதன் வன்தட்டு பழுதாகியது; அந்த அறையின் பிரதி யாரிடமும் இல்லை. மச்சானும் ராத்தாவும் அதே வீட்டில் இருக்கிறார்கள். உம்மா எனக்குக் கட்டிய வீட்டில் என்னோடு இருக்கிறார். மச்சான் வந்தால் இருவரும் நேரே கதைத்துக்கொள்கிறார்கள்.