சித்தி இறங்காத கரை

எங்கள் முகாமில் கலை போதவில்லை என்று யாரும் எவரிடமும் முறையிட்டதில்லை. கழிப்பறைக்குக் கதவில்லை என்றுதான் முறையிட்டிருந்தார்கள். ஆனாலும் எனக்கு ஒன்பது வயதானபோது வந்து சேர்ந்தது நாடகம்தான்.

வல்லம் வடகாலில் உள்ள தொழிற்சாலை ஒன்று செலவை ஏற்றுக்கொள்ள, சென்னையிலிருந்து ஒரு நாடகக்காரப் பெண்மணி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே நடிக்க வேண்டுமாம். எங்களை வட்டமாக உட்காரவைத்து, மனதில் இருப்பதைச் சொல்லச் சொல்வார். ரேஷனைப் பற்றிச் சொன்னால் தலையாட்டுவார். வெளியூர் போக அனுமதி வாங்குவதற்குள் படும் பாட்டைச் சொன்னாலும் தலையாட்டுவார். படகு என்று யாராவது வாயெடுத்தால்தான் எழுத ஆரம்பிப்பார்.

படகில் வந்தவள் என் அம்மா, சிறுமியாக. அவள் அழுதுகொண்டே சொன்னதுதான் நாடகமானது. ஆனால் அம்மாவின் குரல் மேடைக்கு எடுபடாது என்று, குழந்தையோடு கரையிறங்கும் தாயாக நடிக்க அவள் தங்கையைத் தேர்ந்தெடுத்தார்கள். சித்தி பிறந்ததே இந்த முகாமில். குன்றத்தூரில் படித்தவள், வாய் திறந்தால் 'இன்னா' என்பாள். நாடகக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "உங்க ஊர்த் தமிழ்ல பேசும்மா, அப்பத்தான் நிஜமா இருக்கும்" என்று திருத்தினார். சித்தி தன்னுடைய 'ஊர்த் தமிழை' என் அம்மாவிடம் கேட்டு மனப்பாடம் செய்தாள். எனக்குக் கிடைத்தது கடல் வேடம். நீலச் சேலையின் ஒரு முனையைப் பிடித்து ஆட்ட வேண்டும்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் சித்தி அதே தொழிற்சாலைக்கு லைன் வேலை கேட்டுப் போயிருந்தாள். தேர்வில் தேறினாள். சீருடைக்கு அளவுகூட எடுத்தார்கள். பிறகு அகதி என்று காட்டும் முகாம் அட்டையைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவேயில்லை. அங்கே நடிப்பதற்கு மட்டும் பேருந்தே அனுப்பினார்கள்.

தொழிற்சாலை அரங்கில் முன்வரிசை முழுக்க அதிகாரிகள். படகு வந்தது, நான் கடலை மடக்கிக்கொண்டு ஒதுங்கினேன். சித்தி மண்டியிட்டு, மண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எங்களை ஏற்றுக்கொள் தாயே என்று கதற வேண்டும். அவள் மண்டியிடவில்லை. கையிலிருந்த பொம்மைக் குழந்தையைக் கீழே வைத்துவிட்டு முன்வரிசையைப் பார்த்தாள்.

"நான் எந்தப் படகுலயும் வரல. இங்கதான் பொறந்தேன். ஒங்க கம்பெனிக்குத்தான் வேலைக்கு வந்தேன், பாஸ் பண்ணேன். அட்டையப் பாத்துட்டு அனுப்பிட்டீங்க. இன்னா தப்பு பண்ணேன் நானு? சொல்லுங்க."

முன்வரிசையில் யாரோ ஒருவர் கைதட்ட, எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பெரிய அதிகாரி ஒருவர் கண்ணைத் துடைத்தபடி மேடையேறிச் சித்திக்குச் சால்வை போர்த்தினார். பிரமாதமாக நடித்ததாகப் பாராட்டினார்.

"நான் நடிக்கல சார்."

"அதான்மா, நடிப்புன்னே தெரியல" என்று அவர் சிரித்தார்.

அவள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். அடுத்தடுத்த மேடைகளிலும் முடிவை இப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று நாடகக்காரர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். சித்தி கையை உருவிக்கொண்டாள். சால்வையை ஒரு நாற்காலியில் எறிந்துவிட்டுப் பேருந்தில் போய் உட்கார்ந்தாள்.

நான் பக்கத்தில் போனபோது, பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைக் குத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாவம், வசனம் மறந்துபோன அவமானம் என்று நினைத்தேன். அவளைத் தேற்ற எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னேன்.

"யாருக்கும் தெரியல சித்தி."

அவள் குத்துவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "யாருக்கும் தெரியல."

சொல்லிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள். நல்ல செய்திதானே சொன்னோம் என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன்.