என் பேரில் இரண்டு கடை

புஞ்சாக் ஆலாமில் என் பேரில் இரண்டு கடை இருப்பது எனக்கே தெரியாது. முதியவர்களுக்கான உதவித்தொகை கேட்டுப் போன அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பெண் சொல்லித்தான் தெரிந்தது.

"ஆன்டி, உங்க ஐ.சி. நம்பர் போட்டா ரெண்டு கடை காட்டுதே. வாடகை வேற வருது. உங்களுக்கு எப்படி உதவி குடுக்கிறது லா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்கிட்ட ரெண்டு கோழிதாம்மா இருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். என் பேர், என் அடையாள அட்டை நம்பர், எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நான் இருப்பது புக்கிட் ரோத்தான் பக்கம், ஒரு பழைய தோட்டத்து லயத்தின் கடைசி வீட்டில். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிப் பொறுக்கியே முட்டி இரண்டும் போய்விட்டது. அரிசிக்கும் மருந்துக்கும் அந்த உதவியைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன். "வசதியானவன் கட்டுற வரி, இல்லாதவங்களுக்கு வருது. பிச்சை இல்ல, போய்க் கேளுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரிதான் பிடித்துத் தள்ளியிருந்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் விஷயம் புரிந்தது. எல்லாம் அண்ணன் வேலை.

அண்ணனுக்குக் காப்பாரில் லோரிகள் ஓடுகின்றன. அப்பா அம்மா இல்லாத எனக்குத் தாய்வீடு என்றால் அவர் ஒருவர்தான். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சீர்ச் சேலையோடு வருவார். வருடத்தில் என் வாசலில் கார் நிற்பது அன்றைக்கு மட்டும்தான். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துச் சேலையைக் கொடுப்பார். நான் காலில் விழுந்து எழுந்ததும், சேலை வந்த பையிலிருந்தே காகிதங்கள் வெளியே வரும். "ஒரு கையெழுத்துதான், தங்கச்சி." மடியில் சீர்ச் சேலையை வைத்துக்கொண்டு எவளாவது அண்ணன் நீட்டும் காகிதத்தைப் படித்துப் பார்ப்பாளா? போட்டுக் கொடுத்தேன். ஒரு தடவை கிள்ளானில் வக்கீல் ஆபிசுக்குக்கூட அழைத்துப் போய், பிரியாணி வாங்கித் தந்தார். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் பஸ் மாறி அந்தக் கடைகளைப் பார்க்கப் போனேன். ஒன்று கைத்தொலைபேசிக் கடை. மற்றது சாப்பாட்டுக் கடை. உள்ளே உட்கார்ந்து தே தாரேக் டீ ஒன்று கேட்டேன். கல்லாவில் இருந்த பாய் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் கடையில் நானே காசு கொடுத்து டீ குடித்தேன். ஒரு கறி பஃப் வாங்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஆமா, உன் பேர்லதான் வச்சிருக்கேன். எல்லா வாடகையும் என் கணக்குல வந்தா வரி எகிறிடும். உன் பேர்ல போனா ஒண்ணும் கட்ட வேண்டியதில்ல. நீ சம்பாதிக்காதவ, உனக்கென்ன நட்டம்?"

"எனக்கு உதவி கிடைக்கலண்ணே."

அது அவர் காதில் விழவே இல்லை. "கவர்மெண்டுக்கு வேற வேலை இல்ல. நான் ராத்திரி பகலா உழைப்பேன், இவனுங்க பிடுங்கிக் கண்ட சோம்பேறிக்கெல்லாம் குடுப்பானுங்களா?"

"அந்தச் சோம்பேறி நான்தாண்ணே" என்றேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "எதையும் எழுதிக் குடுத்திடாத தங்கச்சி. மாசாமாசம் நானே அனுப்பி வைக்கிறேன்" என்றார். "அனுப்பக்கூட வேணாம்ணே. மாசம் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ, போதும்" என்றேன். "பார்க்கலாம்" என்றார்.

மூன்று மாதம் பார்த்தேன். காசும் வரவில்லை, ஆளும் வரவில்லை. "என்ன முதலாளியம்மா, இன்னிக்கும் கஞ்சிதானா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தபோது சுருக்கென்றது. எனக்கும் ரோஷம் இருக்காதா? கடைகள் என்னுடையவை அல்ல, வாடகையில் ஒரு காசுகூட நான் கண்டதில்லை என்று எழுதி அந்த அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். "அண்ணனைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க ஆன்டி, பரவாயில்லையா?" என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள். பரவாயில்லை என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வேறென்ன, அண்ணன் வரி கட்டினார். அபராதமும் சேர்த்து என்று அண்ணி போனில் கத்தினாள். எனக்கு உதவி வர ஆரம்பித்தது. அரிசி இருந்தது, மருந்து இருந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாசலைக் கூட்டி, கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். கார் எதுவும் நிற்கவில்லை. அந்தக் குழம்பை மூன்று நாள் சுட வைத்து நானே சாப்பிட்டேன். நான் செய்தது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்த வாரம் முழுக்கக் கார்ச் சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன்.

இந்த வருடம் உதவியைப் புதுப்பிக்கப் போனேன். அதே பெண்தான் இருந்தாள்.

"கூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா ஆன்டி?"

"ஒரு அண்ணன்."

"வந்து பார்ப்பாரா?"

கடை விஷயத்தில் கூடப்பிறந்தவர் என்றும் பாராமல் உண்மையை எழுதிக் கொடுத்தவள் நான். அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை.

"தீபாவளிக்குத் தவறாம வருவார்மா" என்றேன். அவள் அதையும் கணினியில் தட்டி ஏற்றிக்கொண்டாள்.